ஊர் மேடையில் துன்பியல்: பழியும் துக்கமும் பிழையும் எழுதி ஏற்றும் முறை

வரப்புத் தகராறில் தொடங்கி மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் காவிரி டெல்டாவில் எந்தத் தெருவிலும் உண்டு. பழி என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் திருவிழா மேடையில் ஏறும் பழிவாங்கும் நாடகங்கள் பெரும்பாலும் அடிதடியாக முடிந்துபோகின்றன. இழப்புக்கு ஐந்து நிமிடம், பழிக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதுவதால் வரும் கோளாறு இது. செத்தவனுக்காகப் பார்வையாளர் அழுவதற்கு இடமே கொடுக்காமல், கொன்றவன்மீது மட்டும் கோபப்படச் சொன்னால் அவர்கள் விசில் அடிப்பார்கள். வேறு என்ன செய்வார்கள்?

கிரேக்கத் துன்பியலும் ஷேக்ஸ்பியரும் நம்முடைய சிலம்பும் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டவை. அவற்றை வைத்துக்கொண்டு, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஊர் மேடை ஒன்றில் இரண்டு மணி நேர நாடகம் எழுதி ஏற்ற என்னென்ன செய்ய வேண்டும் என்பது கீழே.

காலமும் அளவும்

சம்பா, தாளடி அறுவடை முடிந்து, ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கும்வரை ஆள் கிடைக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் நாடக மாதங்கள். ஒத்திகைக்கு ஆறு வாரம் வேண்டும் என்பதால் பிரதி மாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைத்தால் மழை பார்த்துக்கொள்ளும்.

ஒலி மாசு குறித்த 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு அரசு தளர்வு கொடுப்பதுண்டு. அதை நம்பி நாடகத்தை நீட்டாதீர்கள். 7:30-க்குத் திரை தூக்கி 9:45-க்கு முடிப்பது பாதுகாப்பு. கடவுள் வாழ்த்து, அறிமுகம், மங்களம் போக 120 நிமிடம் மிஞ்சும். பாட்டும் வாத்தியமும் 25 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மீதி 95 நிமிடத்துக்கு, திறந்தவெளி மேடையில் நிறுத்திப் பேசும் வேகத்தில், ஏறக்குறைய 8,000 சொற்கள் போதும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முழுப் பிரதி ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட 30,000 சொற்கள். எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும் என்று இதிலிருந்தே தெரியும்.

கதையைத் தேர்ந்தெடுப்பது

ஈடிபஸ் மன்னன், தெரியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் அந்த உண்மையைத் தானே தோண்டி எடுக்கும் கிரேக்கக் கதை, ஊர் மேடைக்கு மிக வசதியானது. ஒரே இடம், ஒரே நாள், பேசும் பாத்திரங்கள் எட்டுக்குள். மேடைச் சாமான் ஒரு கதவு மட்டுமே. மக்பெத் ஷேக்ஸ்பியரின் துன்பியல்களில் மிகச் சிறியது. வெட்டும் வேலை குறைவு. லியர் மன்னனை டெல்டாவுக்குக் கொண்டுவருவது எளிது: உயிரோடு இருக்கும்போதே சொத்தை மகள்களுக்கு எழுதி வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த கிழவர் கதை. ராஜ்ஜியத்தை வேலிக் கணக்கில் பிரித்துக் காட்டினாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆன்டிகனி, இறந்த அண்ணனை அடக்கம் செய்யக் கூடாது என்ற அரசாணையை மீறும் பெண்ணின் கதை. பிணம் எந்தத் தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போவது என்பதே சண்டையாகும் ஊர்களில் இதற்கு முன்னுரை வேண்டாம். ஆனால் அந்த ஊரிலேயே போடும்போது துணிச்சலோடு கொஞ்சம் நிதானமும் வேண்டும்.

நிதானம் என்று சொல்லக் காரணம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட மண் இது. ஆறாத காயத்தை நேரடியாக மேடையேற்றினால், இழந்தவர்களின் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கிரேக்கர்களே இதில் சுட்டுக்கொண்டவர்கள். மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரம் பாரசீகரிடம் விழுந்ததை ஃப்ரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் ஏதென்ஸில் நாடகமாகப் போட்டபோது அரங்கமே கதறி அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்று ஏதென்ஸ் தடுத்தது என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இன்று நமக்குக் கிடைக்கும் கிரேக்கத் துன்பியல்களில் பெரும்பாலானவை தீப்ஸ், ட்ராய், ஆர்கோஸ் என்று தூரத்துப் பழங்கதைகளில் நடக்கின்றன. நம் ஊர்க் கதையை எழுதினாலும் காலத்தையோ இடத்தையோ ஓர் எட்டுத் தள்ளி வையுங்கள்.

பழிக்கு விதை

எந்த வகைக் கோபம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு நான்கு காரணம் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலைச் சிதைத்தல், குடியையும் சுற்றத்தையும் கெடுத்தல், அடித்தும் வைதும் அலைக்கழித்தல், கொல்லுதல். அதே இயல் அழுகைக்கும் நான்கு சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுதல், இழத்தல், நிலை தாழ்தல், இல்லாமை. இரண்டு பட்டியலையும் எதிரெதிரே எழுதி ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோடு போடுங்கள். கொலையும் இழவும் சேர்ந்தால் ஹாம்லெட்: தந்தையைக் கொன்று தாயை மணந்த சித்தப்பனைப் பழிவாங்கச் சொல்லி, தந்தையின் ஆவி இளவரசனிடம் வருகிறது. குடிகோளும் இளிவும் சேர்ந்தால் மெடியா: ஊரையும் உறவையும் விட்டு வந்தவளைக் கணவன் கைவிட்டு அரசன் மகளை மணக்கிறான், அவள் தன் பிள்ளைகளையே கொன்று அவனைப் பழிவாங்குகிறாள். கோடு ஒன்றுக்கு மேல் போனால் நாடகம் நீர்த்துப்போகும்.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். இழப்பு முதல் 15 நிமிடத்துக்குள். யார் செய்தது என்று நாயகனுக்குத் தெரிவது 30-ஆவது நிமிடத்துக்குள். 95 வரை தாமதம். அடுத்த 10 நிமிடத்தில் செயல். கடைசி 15 நிமிடம் செயலுக்குப் பிறகு. இந்தக் கடைசிப் பதினைந்தைத்தான் எல்லாரும் இரண்டு நிமிடமாகச் சுருக்கிவிடுகிறார்கள்.

நடுவிலுள்ள 65 நிமிடத் தாமதம்தான் நாடகமே. அதற்குக் காரணம் காட்டாவிட்டால் பின்வரிசையிலிருந்து ‘இன்னும் ஏன்டா பாத்துக்கிட்டு நிக்கிறே’ என்று குரல் வரும், அது நியாயமான குரல். செல்லுபடியாகும் காரணங்கள் மூன்று. ஒன்று ஐயம்: ஆவி சொன்னதை நம்பலாமா என்று ஹாம்லெட் தயங்கி, அரண்மனையில் ஒரு நாடகம் போட்டு சித்தப்பனின் முகத்தைச் சோதிக்கிறான். இரண்டு அறம்: தந்தையைக் கொன்றவள் தாயே என்னும்போது கிரேக்க இளவரசன் ஒரெஸ்டிஸின் கை தயங்குகிறது. மூன்று வழியின்மை: எதிரி அரண்மனைக்குள், இவன் வெளியே. ஒரு நாடகத்தில் இரண்டு காரணங்களை அடுத்தடுத்து வையுங்கள். முதல் காரணம் தீர்ந்த கையோடு இரண்டாவது முளைக்க வேண்டும். ஹாம்லெட்டுக்கு ஐயம் தீர்ந்த அடுத்த காட்சியிலேயே எதிரி தனியாக மண்டியிட்டிருக்கிறான். கத்தி கையில் இருக்கிறது. பிரார்த்தனையில் இருப்பவனைக் கொன்றால் அவன் சொர்க்கத்துக்குப் போய்விடுவானே என்று கத்தியை உறையில் போடுகிறான்.

அதற்கு அடுத்த காட்சியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். தாயின் அறையில் திரைக்குப் பின்னால் சத்தம். அரசன் என்று நினைத்துக் குத்துகிறான். செத்துக் கிடப்பது கிழவர் பொலோனியஸ். யோசித்து நின்றவன் யோசிக்காமல் குத்திய ஒரே நொடியில், தகப்பனை இழந்த இன்னொரு மகன் உருவாகிவிட்டான். அந்த மகன் லேயர்ட்டீஸ் ஊருக்குத் திரும்பும்போது ஹாம்லெட் பழிவாங்க வேண்டியவனாகவும் பழிவாங்கப்பட வேண்டியவனாகவும் ஆகிவிடுகிறான். உங்கள் பிரதியில் 60-ஆவது நிமிடத்துக்கும் 65-ஆவது நிமிடத்துக்கும் இடையில் இப்படி ஒரு தவறான சாவு, அல்லது மீட்க முடியாத தவறான அடி, கண்டிப்பாக வேண்டும். நாயகனின் கை கறைபடாமல் கடைசிக் காட்சிக்கு வந்தால் அது வீர நாடகம். அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன.

பிழையைச் செதுக்குவது

நல்லவன் கெட்டுப்போவதும் கெட்டவன் கெட்டுப்போவதும் துன்பியலுக்கு உதவாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒருவன் ஒரு பெரும் பிழையால் விழ வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். இதைப் படித்துவிட்டு நாயகனுக்குக் குடிப்பழக்கத்தையோ சூதாட்டத்தையோ ஒட்டவைப்பது வழக்கமாக நடக்கும் தப்பு. ஒட்டவைத்த பிழையைப் பிய்த்து எடுத்தால் நாயகன் அப்படியே இருப்பான். அப்படியானால் அது அவனுடைய பிழை இல்லை. எந்தக் குணத்துக்காகப் பார்வையாளர் அவனைக் கொண்டாடினார்களோ அதே குணம் அவனை விழுத்த வேண்டும். விடுகதைக்கு விடை கண்டு ஊரைக் காப்பாற்றியவன் ஈடிபஸ். விடை காணாமல் விடமாட்டான் என்பதே அவனைத் தன் பிறப்புவரை தோண்ட வைக்கிறது. போர்க்களத்தில் நொடியில் முடிவெடுத்துப் பேர் வாங்கியவன் ஒதெல்லோ. ஒரு கைக்குட்டையை வைத்து மனைவிமேல் தீர்ப்பெழுதுகிறான்.

நம் பக்கத்துக்கு வந்தால் பாண்டியன் நெடுஞ்செழியனைவிட நல்ல பாடம் கிடையாது. காட்சியை அருகிலிருந்து பாருங்கள். ஆடல் பார்த்துக்கொண்டிருந்த மன்னனிடம் ஊடல் கொண்ட அரசி தலைநோய் என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கி நடக்கிறான். வாசலில் பொற்கொல்லன் விழுந்து வணங்கி, சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். காவலர்களைக் கூப்பிட்டு மன்னன் சொல்வது இவ்வளவுதான்:

*கன்றிய கள்வன் கையது ஆகில்*
*கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.*

‘ஆகில்’ என்று ஒரு நிபந்தனையை வைத்துவிட்டோம், நீதி தவறவில்லை என்றே அவன் நினைத்திருப்பான். கையில் சிலம்பு இருந்தால் திருடன்தான் என்று எடுத்துக்கொண்டதும், விசாரிப்பதைக் கொல்பவர்களிடமே விட்டதும், கால் அந்தப்புரம் நோக்கி நகர்ந்துகொண்டே இருந்ததும் கண்ணில் படவில்லை. நடிகருக்கு ஒரே குறிப்பு: இந்த வரிகளை நின்று சொல்லாதீர்கள், நடந்துகொண்டே சொல்லுங்கள். பார்வையாளருக்கு அங்கேயே புரிந்துவிடும். பிறகு கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி உடைக்கும்போது, அரசியின் சிலம்பில் முத்து என்று அறிந்த அதே மன்னன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று தன்மேலேயே தீர்ப்புச் சொல்லி விழுகிறான். இங்கும் அதே வேகம்தான். நாடகமாக்குகிறவர்கள் முதல் காட்சியில் அவன் ஒரு வழக்கைச் சட்டென்று, சரியாக, கூட்டம் கைதட்டும்படி தீர்ப்பதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, பிழைக்கு மூன்று காட்சி ஒதுக்குங்கள். முதலில் அந்தக் குணம் கைதட்டல் வாங்க வேண்டும். அடுத்து அதே குணம் ஒரு சின்னக் கெடுதல் செய்து, எல்லாரும் சிரித்து மறந்துவிட வேண்டும். மூன்றாவதில் மீட்க முடியாத கெடுதல். இரண்டாவது காட்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் மூன்றாவது, கதாசிரியர் வலிந்து செய்ததாகத் தெரியும்.

டெல்டாப் பார்வையாளர்களுக்கு இது பழக்கமான கணக்குதான். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளாவில் ஏறும் பிரகலாத சரித்திரமும், தஞ்சை வட்டார இரணிய நாடகங்களும் தம்பியை இழந்த அண்ணனின் பழியில் தொடங்கும் கதையைத்தான் சொல்கின்றன. பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, மனிதனாலும் இல்லை மிருகத்தாலும் இல்லை என்று ஓட்டை இல்லாமல் வரம் வாங்கிய கெட்டிக்காரத்தனமே அவனை வாசற்படியில் அந்தி நேரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆனால் இரணியாட்சனுக்காக இரணியன் அழும் காட்சியை நம் ஊர்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த அழுகையை மட்டும் சேர்த்தால் இரணியன் அரக்கனாக இல்லாமல் மனிதனாகிவிடுவான். பக்தி நாடகத்துக்கு அது தேவையில்லை, துன்பியலுக்குத் தேவை.

விதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது சிலம்பின் மூன்று உண்மைகளில் ஒன்று என்பதால் எல்லாவற்றையும் விதிமேல் போட்டுவிடலாம் என்று தோன்றும். எல்லாம் விதி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பதற்றம் இருக்காது. சகுனம், சாபம், சோதிடம் எது வந்தாலும் அதற்கு அடுத்த காட்சியிலேயே ஒரு மனிதன் தானாக எடுக்கும் முடிவு வர வேண்டும். ஈடிபஸுக்கு விதி சொன்னது டெல்பிக் கோயிலின் அருள்வாக்கு; முச்சந்தியில் வழிவிடாத கிழவனை அடித்துக் கொன்றது அவன் கை.

துக்கத்துக்கு இடம் விடுவது

மக்பெத்தின் நான்காவது அங்கத்தில் ஒரு காட்சி. ராஸ் என்பவன் சேதி கொண்டுவருகிறான். மனைவி, மக்கள் எப்படி என்று மக்டஃப் கேட்க, நலமாகத்தான் இருந்தார்கள் என்று முதலில் மழுப்புகிறான். பிறகு, மக்பெத் அவர்கள் எல்லாரையும் கொல்லச் செய்துவிட்டான் என்று சொல்கிறான். மக்டஃப் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறான், பேச்சில்லை. பக்கத்தில் இருக்கும் இளவரசன் மால்கம், இதைப் பழிவாங்கும் கோபமாக மாற்று, ஆண்பிள்ளையாகத் தாங்கு என்று அவசரப்படுத்துகிறான். தாங்குகிறேன், ஆனால் ஆண்பிள்ளையாகவே இதை உணரவும் வேண்டும் என்கிறான் மக்டஃப். துன்பியலில் துக்கக் காட்சி எழுத இது ஒன்று போதும். அதன் உயிர், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பதில் இருக்கிறது. நம் பேச்சில் இப்படி வரும்:

‘புள்ளைங்களுமா?’

‘ஆமா தம்பி. வூட்டுல இருந்த அத்தினி பேரும்.’

‘அவளும்?’

‘சொன்னேனே தம்பி.’

(நீண்ட இடைவெளி.)

‘எல்லாரும்னா சொன்னீங்க?’

மூன்றாவது கேள்விக்கு முன்னுள்ள இடைவெளியை ஒத்திகையில் ஐந்து நொடி வையுங்கள். மேடையில் நடிகர் பயந்து இரண்டாக்குவார். அப்போதும் போதுமானதாக இருக்கும். அந்த நேரத்தில் ஆர்மோனியம் நுழையவே கூடாது. இழப்பைக் கேட்டவுடன் முகாரியை இழுக்கும் பழக்கம் ஆர்மோனியக்காரர்களுக்கு உண்டு. அழ வேண்டியதை வாத்தியம் அழுதுவிட்டால் பார்வையாளருக்கு வேலை இல்லை.

உறவு முறைச் சொல்லும் துக்கத்தைச் சுமக்கும். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ என்று தமிழாக்கிய காலத்திலிருந்து இந்த வாய்ப்பு நம்மிடம் இருக்கிறது. சித்தப்பன் அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு மகனை ‘அப்பா’ என்று கூப்பிடச் சொல்கிறான் என்று வையுங்கள். மகன் நாடகம் முழுக்க ‘சித்தப்பா’ என்றே கூப்பிடட்டும். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் குத்தும். வசனம் எழுதித் தள்ள வேண்டியதில்லை.

இனி ஒப்பாரி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் பேராசிரியராக இருந்த சே. இராமானுஜம், யூரிப்பிடீஸின் ட்ராய்ப் பெண்கள் நாடகத்தை ‘வெறியாட்டம்’ என்று ஒப்பாரி மரபைக் கொண்டு மேடையேற்றினார். போரில் எல்லாரையும் இழந்த கிரேக்க நாடகப் பெண்களின் கோரஸும் (சேர்ந்து பாடும் குழுவும்), நம் ஊர்ப் பந்தலில் கட்டியழும் பெண்களும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள் என்பதால் அது பொருந்தியது. நீங்கள் சேர்ப்பதானால் சில விதிகள்.

நான்கு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டிரண்டு அடியாக ஆறு கண்ணி போதும். நாடகத்தில் ஒரே ஒரு முறைதான். செத்தவனின் பெருமையைப் பட்டியல் போடாமல் அவன் செய்யாமல் விட்டுப்போன வேலையைச் சொல்லுங்கள். இந்த மாதிரி:

*மேட்டூருத் தண்ணிவந்து மேலமட தெறக்கயில*
*நாத்துக்கட்டு தூக்கிவர நீயில்லையே எம்பொறவி*
*கட்டிவச்ச வெதக்கோட்ட கதவோரம் காத்திருக்கு*
*எட்டுவச்சு வந்ததத்தான் எடுத்துவிட ஆளில்லையே*

ஊரில் ஒப்பாரி பாடும் பெண்களை மேடைக்கு அழைப்பது நல்லது. மற்ற கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம், அதே மாலை கொடுங்கள். அவர்களைச் சிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. ஆகவே அந்த ஒத்திகையை வீட்டுத் திண்ணையில் வைக்காமல் தோப்பிலோ களத்துமேட்டிலோ வையுங்கள். ஒருவர் வாய்க்கு முன் ஒலிவாங்கியை நீட்டினால் கோரஸ் செத்துவிடும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூன்றடி முன்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒன்றே ஒன்று வைத்தால் எல்லாக் குரலும் கலந்து விழும்.

பெரிய துக்கத்துக்குச் சின்னப் பொருள் வேண்டும். லியர், செத்த மகளைக் கையில் ஏந்தி வந்து கதறிய பிறகு, இனி வரமாட்டாய் என்று ஒரே சொல்லை ஐந்து முறை அடுக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ‘இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்களேன்’ என்று மரியாதையாகக் கேட்கிறான், நன்றியும் சொல்கிறான். கூட்டத்தை உடைப்பது அந்தப் பொத்தான்தான். உங்கள் பிரதியில் அது எது என்று தேடி வையுங்கள்: மூக்குக் கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, ஈரம் காயாத துண்டு.

சாவைக் காட்டுவதும் சொல்வதும்

கிரேக்கர்கள் பெரும்பாலும் கொலையை உள்ளே நடத்திவிட்டு ஒருவனை வெளியே அனுப்பிச் சொல்ல வைப்பார்கள். வயல்வெளி மேடைக்கு இது மிகப் பெரிய வசதி. அட்டைக் கத்தியைப் பார்த்துச் சிறுவர்கள் சிரிக்கும் ஆபத்து இல்லை. சொல்பவனின் பேச்சு 300 முதல் 350 சொல், நான்கு நிமிடத்துக்குள். தான் எங்கே நின்றேன் என்பதில் தொடங்கட்டும். பிறகு காதில் கேட்டது, பிறகு கண்ணில் பட்டது. ஈடிபஸில் அப்படித்தான்: அரசி உள்ளே ஓடிக் கதவைச் சாத்திய சத்தம், அவன் கத்திக்கொண்டு கதவை உடைத்தது, சுருக்கில் தொங்கும் உடல், அதை இறக்கிக் கிடத்தியது, கடைசியில் அவள் ஆடையில் குத்தியிருந்த பொன் ஊசிகளை உருவித் தன் கண்ணில் குத்திக்கொண்டது. உவமை ஒன்றும் வேண்டாம். வரிசை மட்டும் தப்பக் கூடாது.

இந்தப் பேச்சைக் கட்டியங்காரனிடமோ பபூனிடமோ கொடுத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் சிரிக்க வைத்தவன் சிரிப்பில்லாமல் வந்து நிற்பதே பாதி வேலையைச் செய்துவிடும். சாவுக்கு முந்தைய காட்சியில் நகைச்சுவை இருக்கலாம், ஹாம்லெட்டில் கடைசிச் சாவுகளுக்கு முன் குழிவெட்டிகள் கேலி பேசவில்லையா? சாவுக்குப் பிந்தைய காட்சியில் கூடாது.

மேடையில் காட்டியே தீருவேன் என்றால்: சர்க்கரைப் பாகில் சிவப்புக் கேசரிப் பவுடர் கலந்து, அரைக் கரண்டி காப்பித்தூள் டிகாக்‌ஷன் சேருங்கள். காப்பி சேர்க்காவிட்டால் மஞ்சள் விளக்கில் ஆரஞ்சாகத் தெரியும். பாகுக்கு எறும்பு வரும் என்பதால் கலவையைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள், அன்று மாலையே கலக்குங்கள். பிணமாகக் கிடப்பவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அவர் ஒருக்களித்து, பார்வையாளருக்கு முதுகு காட்டிக் கிடந்தால் மூச்சு தெரியாது. வயல் ஓர மேடையில் விளக்குப் பூச்சி பெருந்தொல்லை: மேடையிலிருந்து 40 அடி தள்ளி வெள்ளை விளக்கு ஒன்றை எரியவிட்டு, மேடையில் மஞ்சள் விளக்கு மட்டும் போட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

ஒத்திகையும், வழக்கமாகக் கெடுபவையும்

கடைசிப் பதினைந்து நிமிடத்தை முதல் வாரத்தில் ஒத்திகை பாருங்கள். முதல் காட்சியிலிருந்து தொடங்கும் குழு கடைசிக் காட்சியை விழாவுக்கு முந்தைய இரவுதான் முழுதாகச் செய்துபார்க்கும். இரண்டாம், மூன்றாம் வாரம் துக்கக் காட்சிகள். சண்டைகள் நான்காம் வாரத்துக்கு மேல் போதும். இளவட்டங்கள் அதை எப்படியும் தாமே பழகிக்கொள்வார்கள்.

பழி தீர்க்கும் இடத்தில் கூட்டம் விசிலடித்தால் காட்சி தோற்றது என்று பொருள். சாகப்போகிறவனுக்கு அதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒரு சாதாரண மனிதச் செயல் கொடுங்கள்: தண்ணீர் கேட்கட்டும், மகளைப் பற்றி விசாரிக்கட்டும். வெட்டு விழுந்ததும் பறையும் தவிலும் நின்றுவிட வேண்டும். கொன்றவன் அந்த அமைதியில் ஒன்றும் பேசாமல் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கட்டும். அதற்கு அப்புறமும் ஒன்றிரண்டு விசில் வரும், அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று மங்களம். நம் மேடையில் எந்தக் கதையும் சுபமாகத்தான் முடிய வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். மயான காண்டத்தில் அத்தனை அழவைத்த அரிச்சந்திரனுக்கும் கடைசியில் மகன் எழுந்துவிடுகிறான், நாடும் கிடைக்கிறது. திருவாரூரில் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்கும் இறைவன் வந்து எல்லாரையும் எழுப்பித் தருகிறார். இந்த முடிவைத் துன்பியல் கதைக்குள் கொண்டுவந்தால் அதுவரை எழுதியது அத்தனையும் வீண். அதற்காக மங்களம் பாடாமல் விடுவதும் வம்பு. ஊர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏதென்ஸ் விழாவில் மூன்று துன்பியல்களை அடுத்து ஒரு கேலி நாடகம் போட்டுத்தான் மக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1599-இல் லண்டனில் ஜூலியஸ் சீஸர் பார்த்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், நாடகம் முடிந்ததும் நடிகர்கள் அழகாக ஆடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே கதையைச் சாவோடு முடித்து, விளக்கை முழுதாக அணைத்து, இருபது நொடி இருட்டு விடுங்கள். இருட்டில் பிணங்கள் எழுந்து உள்ளே போகட்டும். பிறகு குழுவிலேயே சின்னவர் ஒருவர் வேஷம் இல்லாமல், வெள்ளை வேட்டியோடு வந்து குத்துவிளக்கு ஏற்றி மங்களம் பாடட்டும். கொன்றவர், செத்தவர் வேஷம் போட்டவர்கள் ஒப்பனையைக் கலைத்து, சட்டையை மாற்றிய பிறகே வெளியே வர வேண்டும். கறைச் சட்டையோடு யாரும் கூட்டத்துக்குள் போய் செல்ஃபிக்கு நிற்கக் கூடாது. 9:45-க்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல ஒரு ஆளை முன்கூட்டியே நியமித்து விடுங்கள், ஏனென்றால் மங்களம் முடிந்ததும் நன்றி சொல்ல விழாக்குழுவில் ஏழெட்டுப் பேர் வரிசையில் காத்திருப்பார்கள்.